"ஒரு வரி போடு, ஓடும்"னு சொல்ற புண்ணியவான்களுக்கு

லினக்ஸ்ல கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஒரு ஸ்கிரிப்ட் தானா ஓடணும்னு யாராவது கேட்டா போதும், உடனே ஒரு கூட்டம் வந்துடும். "ஆர்சி.லோக்கல்ல போடு", "க்ரான்டேப்ல அட்-ரீபூட் ஒரு வரி, அவ்ளோதான் மச்சி". அந்தக் கூட்டத்துல நானும் இருந்தவன்தான். அதனாலதான் இவ்ளோ காண்டு.

எங்கப்பாவோட ஹார்ட்வேர் கடையில உபுண்டு போட்டுக் குடுத்தது நான். காலைல மெஷின் ஆன் ஆனதும் மூலையில இருக்கிற நெட்வொர்க் டிஸ்கை மவுண்ட் பண்ணி, பில் எல்லாத்தையும் அதுல காப்பி பண்ற ஸ்கிரிப்ட். அட்-ரீபூட்ல ஒரே வரி. ரெண்டு வருஷம் ஜோரா ஓடுச்சு.

அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டேன். பூட் வேகமாச்சு. அதுலதான் வினையே. க்ரான் நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருக்காது. முன்னாடி மெஷின் ஆமை வேகத்துல எந்திரிச்சதால அதுக்குள்ள ஐபி கிடைச்சுடும். இப்ப கிடைக்கல, மவுண்ட் ஃபெயில். ஆனா அடுத்த வரி சமர்த்தா ஓடி, காலியா இருந்த மவுண்ட் ஃபோல்டர்ல, அதாவது அதே எஸ்எஸ்டியிலேயே, காப்பி பண்ணி வெச்சிருக்கு! க்ரான் பிழையை மெயில்ல அனுப்பப் பார்க்கும். அந்த மெஷின்ல மெயில் சர்வர் ஏது? தூக்கிப் போட்டுடுச்சு.

அஞ்சு மாசம் கழிச்சு எஸ்எஸ்டி புட்டுக்கிச்சு. அசலும் காப்பியும் ஒண்ணா போச்சு. "நீதானப்பா எல்லாம் காப்பி ஆகுதுன்னு சொன்ன?"ன்னாரு. ஜிஎஸ்டி கணக்குக்காக வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, பில்லை வாட்ஸப்ல அனுப்பச் சொல்லிக் கேட்டார் மனுஷன்.

"ஸ்லீப் 30 போட்டிருக்கலாமே"ன்னு ஒருத்தர் சொன்னார். அண்ணே, அது ஜோசியம். 31வது செகண்ட்ல ஐபி வந்தா?

ஆர்சி.லோக்கல் மட்டும் என்ன ஒழுங்கா? பழைய உபுண்டுல அந்த ஃபைலோட கடைசில எக்சிட் 0 இருக்கும். அதுக்குக் கீழ எழுதிட்டு ஏன் ஓடலைன்னு முழிச்சவங்க எத்தனை பேர்! புது உபுண்டுல அந்த ஃபைலே வர்றதில்லை.

சிஸ்டம்டி யூனிட் எழுத பத்து வரி ஆகும், ஒத்துக்கறேன். ஆனா மவுண்டை எஃப்எஸ்டேப்ல போட்டு, யூனிட்ல ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்னு ஒரு வரி சேர்த்தா, மவுண்ட் ஆகலைன்னா ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. ஃபெயில்னு சிவப்புல எழுதி வைக்கும். எனக்குத் தேவைப்பட்டது அந்த சிவப்பு எழுத்துதான்.

"சிஸ்டம்டி யுனிக்ஸ் தத்துவத்துக்கு விரோதம்"னு கொடி பிடிக்கிறவங்க பிடிங்க. 2014ல டெபியன்காரங்க இதுக்காக அடிச்சுக்கிட்டு, ஒரு கோஷ்டி தேவுவான்னு தனிக்குடித்தனமே போச்சு. கொள்கைக்காக அப்படிப் போனவங்க மேல மரியாதை உண்டு. ஆனா மெஷின்ல சிஸ்டம்டியையும் வெச்சுக்கிட்டு, பத்து வரி எழுத சோம்பேறித்தனப்பட்டு அதுக்குத் தத்துவம்னு பேர் வைக்காதீங்க சாமி.

டிஸ்கி: யூனிட் எழுதி, வேணும்னே வயரைப் பிடுங்கி டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டேன். அப்பா இன்னும் நம்பலை. தினம் ராத்திரி பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டுதான் கடையை மூடுறார்.