அணி போகிறது, கடன் தங்குகிறது

2024 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரப் பல்கலைக்கழக அரங்கு ஒன்றில் கயோட்டீஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி தனது கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தது. எட்மண்டன் அணியை 5-2 என்ற கணக்கில் வென்றது. ஐயாயிரம் பேர்கூட அமர இயலாத அந்தச் சிறு அரங்கிலிருந்து ரசிகர்கள் எளிதில் கலைந்து செல்லவில்லை. மறுநாள் தேசிய ஹாக்கி லீக்கின் உரிமையாளர்கள் கூடி விற்பனைக்கு ஒப்புதல் அளித்தனர். வீரர்கள் உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்கு அனுப்பப்பட்டனர். அணியின் பெயரும் சின்னமும் மட்டும் அரிசோனாவில் விடப்பட்டன.

முதலாளித்துவ ஊடகங்கள் இதற்கு ஒரே விளக்கத்தைத்தான் தந்தன. பாலைவனத்தில் பனி விளையாட்டு எடுபடாது, நலிந்த அணி நல்ல சந்தையைத் தேடிப் போகிறது, இதில் வருந்த என்ன இருக்கிறது என்பதே அந்த விளக்கம். கேட்பதற்கு இயற்கை விதி போல ஒலிக்கும் இந்தக் கூற்றைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஒரு வட அமெரிக்க விளையாட்டைப் பற்றி நமக்கென்ன அக்கறை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சலுகை தராவிட்டால் ஆலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவேன் என்று மிரட்டும் மூலதனத்தை நாம் அன்றாடம் எதிர்கொள்கிறோம். ஆலையைப் பெயர்ப்பதென்றால் இயந்திரம், மின்சாரம், சாலை, துறைமுகம் என ஆயிரம் தொல்லை உண்டு. ஓர் அணியை நகர்த்த ஒரு விமானம் போதும். ஆகவே மிரட்டல் இங்கே ஒளிவுமறைவின்றி, கிட்டத்தட்ட பாடப்புத்தக வடிவில் நடக்கிறது.

கயோட்டீஸ் அணி அரிசோனாவில் பிறந்ததன்று. அது கனடாவின் வின்னிபெக் நகரத்து ஜெட்ஸ் அணி. 1919ஆம் ஆண்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆறு வாரம் நடத்திய பொது வேலைநிறுத்தத்தால் உலகத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்ற அதே வின்னிபெக்தான். 1990களில் அந்நகர அணி தத்தளித்தது. சீட்டு வருவாய் கனடிய டாலரில் வந்தது, வீரர்களின் ஊதியமோ அமெரிக்க டாலரில் தரப்பட்டது. கனடிய டாலரின் மதிப்பு சரியச் சரியப் பள்ளம் பெரிதாயிற்று. 1991 ஒப்பந்தத்தின்படி மாகாண அரசும் நகராட்சியும் அணியின் நட்டத்தைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டி வந்தன. ஆனாலும் புதிய அரங்கு கட்டித் தராவிட்டால் அணி போய்விடும் என்றே சொல்லப்பட்டது. 1995இல் அணியைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் திரண்டனர். பள்ளிச் சிறுவர்கள்கூட உண்டியலை உடைத்துக் காசு கொடுத்தனர். அதே நகரில், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணமில்லை என்று கைவிரிக்கும் அரசு ஹாக்கி அரங்குக்கு மட்டும் எப்படிக் கோடிகளைத் தரலாம் என்று கேட்ட குடிமக்கள் குழு ஒன்றும் இருந்தது.

உண்டியலை உடைத்த சிறுவனும் அரங்கு மானியத்தை எதிர்த்த குடிமகனும் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே வர்க்கத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கும் நிலையை உண்டாக்கியது யார்? மக்களின் அன்பையே பணயமாக வைத்துப் பணம் கேட்கும் அந்த அமைப்புமுறைதான். இந்தச் சண்டையில் இரு தரப்பும் தோற்றன. 1996இல் அணி ஃபீனிக்ஸ் சென்றது.

அங்கே நடந்தது இன்னும் மோசம். ஃபீனிக்ஸின் புறநகரான கிளெண்டேல், 22 கோடி டாலர் செலவில் எழுந்த அரங்குக்குத் தன் பங்காக 18 கோடி டாலர் கடன் வாங்கிக் கொடுத்தது. 2003இல் அரங்கு திறக்கப்பட்டது. அரங்கைச் சுற்றிக் கடைகளும் விடுதிகளும் பெருகும், வரி வருவாய் கொட்டும் என்றார்கள். 2009 மே மாதம் அணியின் உரிமையாளர் திவால் மனு தாக்கல் செய்தார். பிளாக்பெர்ரி கைப்பேசி நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி 21.25 கோடி டாலருக்கு அணியை வாங்கிக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுசெல்ல முன்வந்தார். சந்தை என்ற சொல்லுக்கு ஏதேனும் பொருள் இருந்தால் அணி அன்றே ஹாமில்டனுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் லீக் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வென்றது. பிறகு சுமார் 14 கோடி டாலருக்கு அணியைத் தானே வாங்கிக்கொண்டது. யார் எங்கே ஆடலாம் என்பதைத் தீர்மானிப்பது சந்தையல்ல, 30 உரிமையாளர்களின் கூட்டு என்பது அன்று அம்பலமாயிற்று. போட்டியின் மாண்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும் ஒரு வர்க்கம், தன் சொந்தத் தொழிலில் போட்டியாளரை உள்ளே விடுவதே இல்லை.

அதன்பின் நட்டத்தைச் சுமந்தது கிளெண்டேல். அணியை ஊரில் வைத்திருப்பதற்காக லீக்குக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தது. 2013இல் வந்த புதிய உரிமையாளர்களுக்கு அரங்கை நிர்வகிக்கும் கட்டணம் என்ற பெயரில் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுகளில் அதே நகராட்சி விற்பனை வரியை உயர்த்தியது, ஊழியர்களைக் குறைத்தது. விற்பனை வரி என்பது பால் வாங்கும் ஏழையின் தலையிலும் விழும் வரி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசியில் நகர மன்றமே சலித்துப்போய் 2015இல் ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. 2021 டிசம்பரில், வரிப் பாக்கியைக் கட்டாவிட்டால் அரங்கைப் பூட்டுவோம் என்று அணியை எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அவ்வாறு வெளியேறியதால்தான் ஒரு தொழில்முறை அணி பல்கலைக்கழக அரங்கில் ஒண்டிக்கொள்ள நேர்ந்தது.

இப்போது விலையைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் நட்டக் கணக்கே காட்டிவந்த, சொந்த அரங்குகூட இல்லாத இந்த அணி 2024இல் 120 கோடி டாலருக்குக் கைமாறியது. அரிசோனா உரிமையாளருக்கு 100 கோடி. மீதி 20 கோடி இடப்பெயர்வுக் கட்டணமாக மற்ற உரிமையாளர்களுக்கு. 14 கோடிக்கு வாங்கிய "நலிந்த" சொத்து பதினைந்தே ஆண்டுகளில் 120 கோடியானது எப்படி? லீக்கில் 32 இடங்கள்தாம் உண்டு. அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் உரிமையாளர்களின் கையில். லாஸ் வேகாஸ் அணிக்கு நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர், சியாட்டிலுக்கு 65 கோடி. விலையேறிக்கொண்டே போவது ஆட்டமன்று, அந்த மூடிய கதவின் அனுமதிச் சீட்டு. போதாக்குறைக்கு, அணியை வாங்கிய விலையைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. கணக்கில் நட்டம், கையில் லாபம்! ஆண்டு நட்டத்தைப் பொதுமக்கள் சுமந்தார்கள். சொத்து மதிப்பின் ஏற்றமோ முழுவதும் தனியாரிடம் போய்ச் சேர்ந்தது. கிளெண்டேல் மக்களுக்கு அந்த 120 கோடியில் ஒரு காசு கிடையாது.

சால்ட் லேக் சிட்டியிலும் கதை அதே வழியில்தான் தொடங்கியிருக்கிறது. அரங்கையும் அதைச் சுற்றிய பகுதியையும் சீரமைக்க, விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தி, 90 கோடி டாலர் வரை திரட்டித் தர 2024 அக்டோபரில் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது.

அணி உண்மையில் நகர வேண்டும் என்பதுகூட இல்லை, நகரும் என்ற அச்சம் போதும். பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான முன்னாள் நட்சத்திர வீரர் மரியோ லெமியூ, 2007இல் கான்சாஸ் சிட்டியையும் லாஸ் வேகாஸையும் சுற்றிப் பார்த்தார். பிட்ஸ்பர்க் ஆட்சியாளர்கள் பதறிப்போய்ப் புதிய அரங்குக்கு வழிசெய்தனர். அடுத்த ஆண்டு, அந்த அரங்கின் கட்டுமானத் தொடக்க விழாவிலேயே, அந்தப் பயணங்களெல்லாம் நெருக்கடி கொடுக்கத்தான், அங்கே போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம் என்று அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலம் நம் நாட்டுப் பெருமுதலாளிகளிடமிருந்து கிடைப்பது அரிது. 2012இல் எட்மண்டன் அணியின் உரிமையாளர் டேரில் காட்ஸ் இதே உத்தியைக் கையாண்டு சியாட்டிலுக்குச் சென்றார். ரசிகர்களின் கோபத்தைக் கண்டு மன்னிப்புக் கோரினார். ஆனால் நகராட்சி கட்டிய அரங்கை 2016இல் பெற்றுக்கொள்ளத் தவறவில்லை.

கியூபெக் நகரின் நிலை பரிதாபத்துக்குரியது. அதன் நார்டிக்ஸ் அணி 1995இல் டென்வருக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டே கொலராடோ என்ற பெயரில் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அணி திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் மாகாண அரசும் நகராட்சியும் பொதுப்பணத்தைக் கொட்டிப் பதினெட்டாயிரம் பேர் அமரும் அரங்கை 2015இல் கட்டி முடித்தன. அணி வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அணி வந்து இரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடுவதற்கு மாகாண அரசு 50 முதல் 70 லட்சம் கனடிய டாலர் வரை மானியம் தருவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. பொதுத்துறை ஊழியர்கள் ஊதிய உயர்வுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த மாதம் அது.

அப்படியானால் வின்னிபெக்குக்கு 2011இல் அணி திரும்பி வந்ததே, அது நீதியல்லவா என்று கேட்கலாம். அன்று வின்னிபெக் தெருக்களில் ஆடிய மக்களின் மகிழ்ச்சி பொய்யன்று. 13,000 சீசன் சீட்டுகள் சில நாட்களில் தீர்ந்தன. ஆயினும் அது அட்லாண்டாவின் அணி. அட்லாண்டா அணியின் உரிமையாளர்கள் பல ஆண்டுகள் தங்களுக்குள் வழக்காடினர். பதினோரு பருவங்களில் ஒரே ஒருமுறைதான் அந்த அணி இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றது. பின்னர் ரசிகர்கள் வரவில்லை என்று சொல்லி, கூடைப்பந்து அணியையும் அரங்கையும் கையில் வைத்துக்கொண்டு ஹாக்கி அணியை மட்டும் 17 கோடி டாலருக்கு விற்றனர். அதில் 6 கோடி லீக்குக்கு. வாங்கியவர்களில் ஒருவர் அன்று கனடாவின் மிகப் பெரிய செல்வந்தராக இருந்த டேவிட் தாம்சன். ஒரு நகரத்தின் வேதனையை இன்னொரு நகரத்துக்கு மாற்றிக் கட்டியதற்கு நீதி என்று பெயரில்லை. சீட்டு விலை ஏறி, பெருந்தொற்றுக்குப் பிறகு சீசன் சீட்டுகள் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியபோது, அதே வின்னிபெக் மீண்டும் "சிறிய சந்தை" என்ற எச்சரிக்கையைக் கேட்க நேர்ந்தது.

பாலைவன மக்களுக்கு ஹாக்கி தெரியாது என்ற வாதத்துக்கு ஆஸ்டன் மேத்யூஸே பதில். மெக்சிகோவில் பிறந்த தாயின் மகன். அரிசோனாவில், கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர். 2016இல் லீக்கின் புதிய வீரர் தேர்வில் முதலிடம் பெற்றார். ஒரு தலைமுறைக்குள் ஒரு விளையாட்டு புது மண்ணில் வேர்விடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டெம்பி மக்களையும் குறிப்பிட்டாக வேண்டும். பழைய குப்பைக் கிடங்கில் 210 கோடி டாலரில் அரங்கு, விடுதிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் கொண்ட வளாகம் கட்ட அணி முன்வைத்த திட்டம், 2023 மே 16 அன்று பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. அணித் தரப்பு பெரும்பணம் செலவிட்டும், சுமார் 56 சதவீதத்தினர் வேண்டாம் என்று வாக்களித்தனர். அணியைத் துரத்தியவர்கள் என்று அவர்களை ஏசியவர்கள் உண்டு. ரசிகர்களின் இழப்பு உண்மையானது. ஆனால் அதை உண்டாக்கியவர்கள் வாக்காளர்கள் அல்லர்.

மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி 1923 முதல் லாபநோக்கமற்ற அமைப்பாகப் பொதுமக்களின் பங்குடைமையில் இருக்கிறது. பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஊர் அது, அந்த லீக்கின் மிகச் சிறிய "சந்தை". நூறாண்டாக அணி அங்கேயே இருக்கிறது, ஏனெனில் அதை விற்றுத் தன் பையில் போட்டுக்கொள்ள எவராலும் முடியாது. இத்தகைய உடைமை இனி வேறெந்த அணிக்கும் கூடாது என்று அந்த லீக் விதியே வகுத்துவிட்டது. நம் நாட்டுக் கால்பந்திலும் டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் பெயர்ந்து ஒடிசா அணியானபோது, டெல்லி ரசிகரிடம் எவரும் கேட்கவில்லை. பொதுப்பணத்தில் அரங்கு கேட்கும் அணியிடம் அதே அளவுக்கு உடைமையில் பங்கு கேட்பதும், விற்பனை நடந்தால் முதல் உரிமை நகரத்துக்கே என்று எழுதி வாங்குவதும் புரட்சிகரக் கோரிக்கைகள்கூட அல்ல. அவ்வளவைக்கூட எந்த உரிமையாளரும் இன்று ஏற்கமாட்டார்.

இதற்கிடையே, 1980இல் ஓர் அணியைக் கால்கரியிடமும் 2011இல் இன்னொன்றை வின்னிபெக்கிடமும் இழந்த அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில், மூன்றாவது ஹாக்கி அணியை எதிர்பார்த்து அரங்குத் திட்டங்கள் வரையப்படுகின்றன. பொதுப்பணத்தில் எவ்வளவு தருவது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.