ஆளுக்கொரு உண்மையா?

போன கிழமை வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் அவென்யூவில் பஸ்சுக்கு நின்றபோது சித்தியின் மகன் கேட்டான். அவன் பன்னிரண்டாம் வகுப்பில் தத்துவம் படிக்கிறான்.

“அண்ணா, முள்ளிவாய்க்கால் எண்டா ஒரு இடத்தில 40,000 எண்டு இருக்கு, இன்னொரு இடத்தில 70,000. அம்மா ஒண்டரை லட்சம் எண்டுறா. அப்ப ஆளுக்கொரு உண்மைதானே?”

பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிட்டதாக 2011இல் ஐநா நிபுணர் குழு சொன்னது. 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்ற தகவல், 2012இல் வந்த ஐநாவின் உள்ளக மீளாய்வில் இருக்கிறது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் இறந்தார்கள் என்பதல்ல அந்தக் கணக்கு. விளக்கம் தேவை என்பதே.

ஆக, இவை ஒரே கேள்விக்கான மூன்று பதில்கள் அல்ல.

இனி தத்துவம். எல்லாரும் ஒத்துக்கொள்வதே உண்மை என்றால், சத்தம் கூடிய பக்கம் வெல்லும். நிரூபித்ததே உண்மை என்றால், சாட்சியை இல்லாமல் செய்தவன் உண்மையையும் இல்லாமல் செய்துவிடுவான். 2008 செப்டெம்பரில் ஐநா ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறும்படி அரசு பணித்ததை நினைத்துப் பாருங்கள்.

இருப்பதை இருக்கிறது என்று சொல்வதே உண்மை என்றார் அரிஸ்டாட்டில். நம் சொல்லும் ‘உள்’ என்பதிலிருந்துதான் வருகிறது. இதிலும் சிக்கல் உண்டு: போய்ப் பார்க்க வழியில்லாதபோது எதோடு ஒப்பிடுவது? ஆனாலும் நான் இந்தப் பக்கம்தான். இறந்தவர்களின் சரியான எண் ஒன்று இருக்கிறது. நமக்கு அது தெரியாததால் அது இல்லாமல் போகாது.

என் வேலையில் தரவுத்தளத்தில் பூச்சியம் வேறு, நிரப்பாத பெட்டி வேறு. நிரப்பாத பெட்டியைப் பூச்சியமாக எடுத்தால் கணக்கு முழுதும் பிழைக்கும். விருப்பமான எண்ணைப் போட்டு நிரப்பினாலும் பிழைக்கும். முதல் பிழையை அரசு செய்தது. இரண்டாவதை நாம் செய்யக்கூடாது.

ஒன்ராறியோவில் 2021இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு மே மாதமும் தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரம் வருகிறது. வகுப்பில் உங்களிடம் எண் கேட்பார்கள். யார் சொன்னது, எதை எண்ணியது என்று சேர்த்தே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அது துரோகம் இல்லை. “அப்படியென்றால் எதுவும் நடக்கவில்லை” என்று யாராவது சொன்னால், அந்தக் கழித்தல் கணக்கை அவர் முன் வையுங்கள்.