திங்கட்கிழமை இருமலுக்கு யார் கணக்கு எடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வூதியர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு மருத்துவக் காப்பீட்டில் ஆரம்பித்து மத்திய பட்ஜெட்டுக்குப் போனது. ஒரு நண்பர் சொன்னார்: "ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு கோடிக்கணக்கில் கொட்டுறாங்க. அந்தப் பணத்தில் நம்ம ஜி.எச்.சுக்கு ரெண்டு டயாலிசிஸ் மெஷின் வாங்கிப் போட்டா நாலு உயிர் பிழைக்கும் சார்." பெரும்பாலோர் தலையாட்டினார்கள். டயாலிசிஸ் மெஷின் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் "கொட்டுறாங்க" என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 99,859 கோடி. அதில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் பங்கு சுமார் 3,901 கோடி. நூறு ரூபாயில் நாலு ரூபாய் கூட முழுசாக இல்லை. இந்த நாலு ரூபாய்க்குள்தான் ஐ.சி.எம்.ஆர். என்று நாம் சொல்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், நாடு முழுக்க உள்ள அதன் நிறுவனங்களும் பிழைக்க வேண்டும்.

அந்த நாலு ரூபாய் என்ன செய்யும் என்பதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. நம் சென்னையே சாட்சி. எங்கள் தலைமுறைக்கு டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியம். நோயாளி குடும்பத்தை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில், படுக்கையில் கிடக்க வேண்டும். பால், முட்டை, நல்ல காற்று, முழு ஓய்வு. இதெல்லாம் இல்லாவிட்டால் குணமாகாது என்பதுதான் அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. படுக்கையோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம்.

1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. கிட்டத்தட்ட 200 ஏழை நோயாளிகளை, குலுக்கல் முறை மாதிரி, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்தில். மறுபாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரு பக்கத்துக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். 1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதன் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்த ஆராய்ச்சிக்கு எந்த மருந்துக் கம்பெனி பணம் போட்டிருக்கும்? "வீட்டிலேயே இரு, மாத்திரையை விடாமல் சாப்பிடு" என்பதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. இதுதான் என் வாதத்தின் மையம். விற்க முடியாத உண்மையைத் தேட அரசுப் பணம் மட்டும்தான் வரும்.

இன்னொன்று. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கான மக்களிடம் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று பல வருஷக் கண்காணிப்புக்குப் பிறகு தெரிந்தது. (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகையைத் தடுக்கிறது, ஆகவே குழந்தைகளுக்குப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.) "பலன் இல்லை" என்று தெரிந்துகொள்ளவும் செலவு செய்யத்தான் வேண்டும்.

சமீபத்திய உதாரணம் ஜார்க்கண்டில். டி.பி. நோயாளி உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஐ.சி.எம்.ஆர். பணம், நம் சென்னை நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2023-ல் முடிவு வந்தது. சத்தான உணவு கிடைத்த குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாடு அவசியமில்லை என்று சென்னையில் சொல்லிவிட்டு இப்போது அரிசி கொடு என்கிறார்களே என்று கேட்கலாம். கேள்வி வேறு, ஐயா. மாத்திரை குணப்படுத்துமா என்பது அன்றைய கேள்வி. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு வராமல் தடுக்க முடியுமா என்பது இன்றைய கேள்வி. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறதே, அந்த மாதிரி முடிவுகளுக்குப் பின்னால் பலம் சேர்ப்பவை இத்தகைய ஆய்வுகள்தான்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். ராஜபாளையத்தைச் சுற்றிப் பஞ்சாலைகள். சத்திரப்பட்டி பக்கம் போனால் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிற தறிகள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேரின் தாயோ தகப்பனோ மில் வேலைதான். இரவு ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சோடு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற அம்மாக்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்திலும் கார்டிங்கிலும் தூசி அதிகம். ஆரம்பத்தில் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த நாளில் குறைந்துவிடும். சீமையில் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே சொன்னார்கள். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். லங்காஷயர் மில்களில் ஷில்லிங் என்ற மருத்துவர் 1950களில் இதை அளந்து தரம் பிரித்தார். அந்த வழியில் வந்த ஆய்வுகளை வைத்து 1978-ல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசிக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. மில் முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல் தோற்றார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் சட்டங்களின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இருக்கிறது. பட்டியலில் இருந்து என்ன? கண்டுபிடித்தால்தானே இழப்பீடு. என் பழைய மாணவி ஒருத்தி பதினைந்து வருஷம் மில் வேலை பார்த்தவள். இருமலோடு போனாள். சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், டி.பி. இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி அதே சோதனை, அதே பதில். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். "எங்கேம்மா வேலை பார்க்கிறே?" என்று ஒருவரும் கேட்கவில்லை என்றாள். பிசினோசிஸை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்காது. வேலைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ஊதச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

அதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல மில்கள் வாரம் ஏழு நாளும் ஓடுகின்றன. விடுமுறை ஆளுக்கு ஒரு நாள். "திங்கட்கிழமை அதிகமா இருக்கா?" என்ற புத்தகக் கேள்வி இங்கே செல்லாது. "லீவு முடிஞ்ச மறுநாள் எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இளம்பெண்கள் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். மூச்சு முட்டுகிறவர்கள் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். மில்லுக்குள் போய் எண்ணினால் எல்லோரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். நின்று போனவர்களை வீடு வீடாகத் தேடி எண்ண வேண்டும். இதை முதலாளி செய்வாரா? தூசிக்கு மாத்திரை கிடையாது, ஆகவே மருந்துக் கம்பெனியும் வராது.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சிப் பிரிவு அமைக்க மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் தனித் திட்டமே இருக்கிறது. நம் கல்லூரி பஞ்சாலை நுரையீரலையும், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளிகளின் உடம்பையும் எடுத்துக்கொண்டால் ஐம்பது வருஷத்துக்குப் படிக்க விஷயம் இருக்கிறது. ஊதிப் பார்க்கிற சாதாரண பீக் ஃப்ளோ மீட்டரின் விலை, டயாலிசிஸ் மெஷின் விலைக்குப் பக்கத்தில் தூசி.

ஆராய்ச்சி என்ற பெயரில் பதவி உயர்வுக்காகக் கட்டுரை எழுதி அலமாரியில் வைப்பவர்களும் உண்டு. மறுக்கவில்லை. அதற்காக நான் கேட்பது ஒன்றுதான்: யாரை எண்ணினார்களோ அவர்களிடம் தமிழில், ஒரு பக்கத்தில், முடிவைச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

இதையெல்லாம் சுருக்கி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் இருமலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று ஓ.பி. சீட்டில் குறிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாவட்டத்திலிருந்து கோரிக்கை போக வேண்டும். இவை இரண்டும்தான். வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். டயாலிசிஸ் மெஷின் கேட்ட நண்பரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவருடைய மெஷினையும் மூன்றாவது கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லி. சேர்த்துவிட்டேன். மில்லில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் ஞாயிறு மாலைக்குள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.