கேஷியர் சாரின் கான்வாஸ் ஷூ

கடலில் இறங்கும்போது ஒருவர் ஷூ போட்டுக்கொண்டு இறங்கினால் உங்களுக்கு என்ன தோன்றும்? எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. சனி, ஞாயிறோடு ஒரு அரசு விடுமுறையும் வந்து ஒட்டிக்கொண்ட புண்ணிய வாரம். ஆபீஸிலிருந்து ஏழு பேர் வேன் பிடித்து ராமேஸ்வரம் கிளம்பினோம். ஆறு பேர் கல்யாணம் ஆகாதவர்கள். ஏழாவது ஆள் எங்கள் கேஷியர். ரிடையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. அவர் புண்ணியம் தேடி வந்தவர். நாங்கள் சும்மா வந்தவர்கள்.

வழியில், ராமநாதபுரம் தாண்டி, அரியமான் கடற்கரையில் வேனை நிறுத்தினோம். சவுக்குத் தோப்பு. எதிரே பாக் விரிகுடா. மெரினா மாதிரி ஆளை அடித்துத் தூக்கும் அலை இங்கே கிடையாது. கோயில் குளம் மாதிரி சாதுவாகக் கிடக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். நீச்சல் தெரியாதவன்கூட வீரனாகிவிடலாம். நாங்கள் ஆனோம்.

கேஷியர் மட்டும் கரையில் இருந்த டீக்கடை அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பழைய வெள்ளை கான்வாஸ் ஷூவை எடுத்து மாட்டி, லேஸை நிதானமாக முடிந்து, அதோடு தண்ணீரில் இறங்கினார். நடையும் ஒரு தினுசு. காலைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார்.

"சார், பரேடா?" என்றான் டெஸ்பாட்ச் பையன்.

"நம்ம ஆபீஸ் ஃபைல் நகர்ற வேகம்டா அது" என்றேன் நான்.

ஆறு பேரும் சிரித்தோம். ஜோக் எடுபட்ட சந்தோஷத்தில் நான் தண்ணீரில் நாலு எட்டு ஓடினேன். ஐந்தாவது எட்டில் காலடியில் மணல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கணுக்காலுக்குக் கீழே சுரீர் என்றது. தாம்பாளம் அகலத்துக்கு ஏதோ ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

கண்ணாடி குத்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடி குத்தினால் வலி குத்திய இடத்தில் இருக்கும். இது ஏறியது. கணுக்கால், ஆடுசதை, முழங்கால் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன.

கரையில் தூக்கிப் போட்டார்கள். உடனே மருத்துவக் கமிட்டி கூடியது. "மணலை வச்சுத் தேய்" என்றான் ஒருவன். "பாம்புக்குக் கட்டற மாதிரி இறுக்கிக் கட்டு" என்றான் இன்னொருவன். டெஸ்பாட்ச் பையன் ஏதோ இங்கிலீஷ் டி.வி. சீரியலில் பார்த்தானாம். கடல் ஜந்து கடித்தால் அந்த இடத்தில் ஒண்ணுக்குப் போனால் சரியாகிவிடுமாம். சொன்னதோடு நிற்கவில்லை. "நான் ரெடி" என்றான். நட்புக்காக உயிரைக் கொடுப்பவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இதைக் கொடுக்க முன்வந்தவனை அன்றுதான் பார்த்தேன்.

நல்லவேளை, டீக்கடை அம்மா வந்துவிட்டார். காயத்தைக் குனிந்து பார்த்தார். "திருக்கை போட்டிருச்சு. முள்ளு உள்ள நிக்கலை. தள்ளுங்கப்பா" என்றார். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் டீ பாய்லர் வெந்நீரைக் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி கையை விட்டார். பச்சைப்பிள்ளைக்குக் குளிக்க விளாவுகிற பதம். அதற்கு ஒரு சுற்று அதிகம்.

"தம்பி, கால உள்ள வையி. எடுக்கச் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

வைத்தேன். கால் மணி நேரத்தில், ஏறி வந்த வலி ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்க ஆரம்பித்தது. ஆறிப்போனால் அந்த அம்மா என் காலை எடுக்கச் சொல்லி, மறுபடி வெந்நீர் விளாவினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாளியும் நானுமாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த அம்மா மருத்துவக் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் மருத்துவப் புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன. திருக்கை விஷம் புரதத்தால் ஆனது. சூட்டில் கெட்டுவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடு, 45 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிஷம் வரை. சூட்டைக் குத்துப்பட்ட காலால் பார்க்கக் கூடாது. வலியில் இருக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துவிடும். கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான். வலையிலிருந்து கழித்துப் போட்ட கெளுத்தி கரையில் செத்துக் கிடந்தாலும் முள்ளில் விஷம் சாவதில்லை. அதை மிதிக்கிறவர்களும் உண்டு.

திருக்கைக்கு நம்மீது எந்த விரோதமும் கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் மணலைப் போர்த்திக்கொண்டு அதுபாட்டுக்குப் படுத்திருக்கிறது. நாம் போய் முதுகில் ஏறுகிறோம். வால் சுண்டுகிறது. வாலில் இருப்பது ஒரு முள். இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல், எல்லாம் பின்பக்கம் பார்த்து. உள்ளே போவது சுலபம். வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். நெஞ்சு, வயிறு, கழுத்து போன்ற இடங்களில் ஆழமாகப் பாய்ந்து நின்றிருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முதலைகளோடு கட்டிப் புரண்ட ஆஸ்திரேலியாக்காரர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4-ம் தேதி திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்துதான் இறந்தார். அது அபூர்வம். நம்மைப் போன்றவர்களுக்குக் காலோடு போகிறது.

வாளியில் காலை விட்டுக்கொண்டு நான் முனகிக்கொண்டிருந்தபோது கேஷியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது சார்."

"கொடுத்து வச்சவன்" என்றார்.

கேலிக்குப் பதில் கேலி என்று நினைத்தேன். அவர் ஷூவைக் கழற்றினார். முதலில் அதைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன் உள்ளங்காலைப் பார்த்தார். பெண்கள் நெற்றிப் பொட்டு பார்க்கிற மாதிரி. அப்போதுதான் நான் கவனித்தேன். இடது காலில் கட்டைவிரல் இல்லை. ஷூவின் அந்த இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது.

"பதினெட்டு வருஷமா சுகர்ப்பா. பாதத்துல உணர்ச்சி போயிடுச்சு. நாலு வருஷம் முன்னாடி பேரனோட பீச்சுக்குப் போனேன். வெறுங்கால். கிளிஞ்சல் கிழிச்சிருக்கு. எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, தரையில ரத்தத்தைப் பார்த்து என் வீட்டுக்காரிதான், யாருக்கு அடின்னு கேட்டா. சின்னக் காயம்தானேன்னு விட்டேன். புரையோடி, விரலோட போச்சு. உனக்கு வலிச்சுது, கத்தினே, ஆறு பேர் ஓடி வந்தோம். என் கால் கத்தாது."

நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. டெஸ்பாட்ச் பையன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அந்தத் தேய்ச்சு நடக்கறது, சார்?" என்று கேட்டேன்.

"இறங்கறதுக்கு முன்னாடி இந்த அம்மாகிட்ட, இங்க கால்ல என்ன படும்னு கேட்டேன். திருக்கை கிடக்கும், தேய்ச்சு நடங்க, அதிர்வு கேட்டா ஓடிரும்னாங்க. நீங்க யாரும் கேட்கலை."

அவ்வளவுதான் விஷயம். ஷூ கிளிஞ்சல், பாட்டில் ஓடு, முள் எல்லாவற்றுக்கும் தடுப்பு. ஆனால் திருக்கை முள் கான்வாஸையும் துளைத்துவிடும். அதற்குத் தேய்க்கிற நடைதான் காவல். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார் மனுஷர்.

சொறி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெல்லி மீன் என்று இங்கிலீஷ்காரன் சொல்வது. அதன் கைகளில் லட்சக்கணக்கில் நுண்ணிய விஷ ஊசிகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இதே வம்சத்து ஹைட்ரா என்ற நன்னீர்ப் பூச்சியின் ஊசியை 2006-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் அதிவேக கேமராவில் பிடித்தார்கள். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பாய்கிறது. மணலில் செத்துக் கிடக்கிற சொறியிலும் ஊசிகள் வேலை செய்யும். அழகாக நீலக்கலரில் பலூன் மாதிரி கிடக்கிறதே என்று காலால் உதைக்காதீர்கள். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காத ஊசியும் வெடிக்கும். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கிற இழைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. டெஸ்பாட்ச் பையனின் வைத்தியம் இதற்கும் உதவாது, திருக்கைக்கும் உதவாது.

என் விஷயத்துக்கு வருகிறேன். வலி குறைந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முள் துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே, ஒரு டி.டி. ஊசி, ஒரு வாரத்துக்கு மாத்திரை. வெந்நீரோடு நிறுத்தியிருந்தால் காயம் சீழ் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். "வெந்நீர் யார் ஐடியா?" என்று கேட்டார். ஆறு பேரும் கேஷியரைப் பார்த்தோம். கேஷியர், "டீக்கடை அம்மா" என்றார்.

அன்று ராத்திரி ராமேஸ்வரத்தில் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். சர்வர் ஸ்பெஷல் அயிட்டங்களை ஒப்பித்தான். நடுவில் திருக்கைக் குழம்பு வந்தது. நான் இரண்டு தட்டு சொன்னேன்.

போன மாதம் ஆபீஸ் டூரில் மறுபடி கடற்கரை. கேஷியர் ரிடையர் ஆகிவிட்டார். பையிலிருந்து கான்வாஸ் ஷூவை எடுத்து, லேஸ் முடிந்து, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரில் இறங்கினேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்:

"சார், பரேடா?"

"ஆமாம். வந்து சேர்ந்துக்கோ" என்றேன்.