எட்டு மாதம் காத்திருக்கலாமா?

என் அப்பா தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுகிறார். எந்தத் தோட்டத்தில் குலை ஏற்ற வேண்டும், எந்த ஆலையில் இறக்க வேண்டும் என்ற தகவல்கள் எல்லாம் அவருடைய திறன்பேசிக்குத்தான் வரும். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் 24 மாத ஒப்பந்தம் செய்து வாங்கிய திறன்பேசி அது. பதினாறாவது மாதத்தில் அது தொல்லை கொடுக்கத் தொடங்கியது. காலையில் நூறு விழுக்காடு காட்டும்; நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். சில வேளைகளில் முப்பது விழுக்காடு இருக்கும்போதே அணைந்துவிடும். பாட்டியை மருத்துவமனையில் சேர்த்த அன்று, நாங்கள் பலமுறை அழைத்தும் பயனில்லை. அப்பாவுக்குச் செய்தி எட்டியபோது இரவாகிவிட்டது.

அன்றிரவு வீட்டில் விவாதம் நடந்தது. "புதியது வாங்கிவிடுங்கள் அப்பா" என்றார் அக்கா. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் தண்டம் கட்ட வேண்டும். ஓராண்டு உத்தரவாதமும் முடிந்துவிட்டது. இன்னும் எட்டு மாதம் பொறுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதிய திறன்பேசியைப் பெறலாம். உடனே வாங்குவதா, காத்திருப்பதா?

காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவசர அழைப்பைத் தவறவிட்டுக்கொண்டு பொறுத்திருப்பது சிக்கனம் ஆகாது. பழுதைக் கண்டறிந்து சரிசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முதலில், பழுதடைந்தது எது என்று பார்க்க வேண்டும். திறன்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். மின்னூட்டம் செய்யச் செய்ய அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். வெப்பம் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். வெயிலில் நிற்கும் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே நாள் முழுவதும் கிடக்கும் திறன்பேசி விரைவில் தளர்வதில் வியப்பில்லை. மின்கலம் தளர்ந்தால் திறன்பேசியே கெட்டுவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 2017ஆம் ஆண்டு டிசம்பரில், மின்கலம் தளர்ந்த ஐபோன்கள் திடீரென அணைவதைத் தடுக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மின்கலத்தை மாற்றியவுடன் பல திறன்பேசிகள் பழைய வேகத்தைப் பெற்றன. ஆகவே, 24 மாதம் என்பது ஒப்பந்தத்தின் கணக்கு. அது திறன்பேசியின் ஆயுள் அன்று.

இரண்டாவதாக, காத்திருக்கும் காலத்தில் சில முன்னேற்பாடுகள் தேவை. படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். முக்கியமான எண்களைத் தாளிலும் எழுதி வைக்கலாம். திரையின் ஒளியைக் குறைத்து, பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிட வேண்டும். சேமிப்பிடம் நிரம்பி வழிந்தாலும் திறன்பேசி தடுமாறும் என்பதை மறக்கக் கூடாது.

"பழைய திறன்பேசியைக் கட்டிக்கொண்டு அழுவதா?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. மின்கலம் உப்பியிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அதற்கு மின்னூட்டம் செய்வதும் அதைக் குத்துவதும் தீ விபத்தில் முடியலாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன திறன்பேசியில் வங்கிச் செயலியைப் பயன்படுத்துவதும் ஆபத்தே. சில சமயம் காலமும் நம்மை மாற்றிவிடும். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி வசதியில்லாத கைப்பேசி வைத்திருந்தவர்கள் விரைவான இணையம் வேண்டுமென்றால் புதியதை வாங்கித்தான் ஆக வேண்டும். இவை உண்மையான தேவைகள். நண்பன் புதியது வைத்திருக்கிறான் என்பது தேவை ஆகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் அல்லவா?

மூன்றாவதாக, நாம் தூக்கி எறிவது எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் கால் பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது. எஞ்சியவற்றில் உள்ள ஈயம், பாதரசம் போன்ற நச்சுப்பொருள்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கக் கூடியவை.

இந்தப் பொறுப்பு பயனீட்டாளர்களுக்கு மட்டும் உரியதன்று. எளிதில் பழுதுபார்க்கக் கூடிய பொருளைத் தருவது நிறுவனங்களின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025ஆம் ஆண்டு ஜூன் 20 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம் 800 முறை மின்னூட்டம் செய்த பிறகும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலத்திற்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. புதிய திறன்பேசி வாங்கும்போது படக்கருவியின் தரத்தை மட்டும் கேட்கிறோம். மின்கலத்தை மாற்ற எவ்வளவு செலவாகும், புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்றும் கேட்க வேண்டும். எல்லாரும் கேட்டால் விற்பவர்களும் பதில் வைத்திருப்பார்கள்.

மறுநாள் அப்பா, சாய்ந்த கோபுரத்திற்கு அருகிலுள்ள ஒரு கடையில் மின்கலத்தை மாற்றினார். புதிய திறன்பேசியின் விலையில் அது சிறு பகுதிதான். இப்போது இருபத்தோராவது மாதம். மாலை வரை அவருடைய திறன்பேசி அணைவதில்லை. பாட்டியும் நலமாக வீடு திரும்பிவிட்டார்.

தெலுக் இந்தானின் அந்தக் கோபுரம் 1885ஆம் ஆண்டு கட்டப்பட்டது. சாய்ந்துவிட்டது என்பதற்காக அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. பராமரித்தார்கள்; இன்றும் நிற்கிறது. ஒரு பொருளில் குறை தென்பட்டவுடன் அதைக் கைவிடாமல், அந்தக் குறையைத் தீர்க்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியாதபோது புதியதை வாங்குவோம்.