பெர்முடா: சொர்க்கம் யாருக்கு?

அட்லாண்டிக் கடலில், இன்றும் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட தீவுகள் பெர்முடா. பூலோக சொர்க்கம் என்று கூறி உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பணக்காரப் பயணிகளை அங்கே அழைக்கின்றன. அக்கப்பல்கள் வந்து நிற்கும் பழைய கடற்படைத் துறையைக் கட்டியவர்கள் யார்? அடிமைகளும், 1824 முதல் பிரிட்டன் அனுப்பிய கைதிகளும்! கைதிகளில் சுமார் 2,000 பேர் அங்கேயே மாண்டனர்.

1959 வரை ஓட்டல்களிலும் சினிமாக் கொட்டகைகளிலும் கறுப்பு மக்களுக்குச் சம இடமில்லை. கொட்டகைகளைப் பகிஷ்கரித்தே அந்த அநீதியை அவர்கள் முறியடித்தனர். 1981இல் ஆஸ்பத்திரி, ஓட்டல் தொழிலாளர் உள்ளிட்டோர் கூலி உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தம் செய்தனர். உல்லாசத் தொழிலே ஸ்தம்பித்தது.

சொர்க்கத்தைக் கட்டியவன் உழைப்பாளி. அதில் தன் உரிமையைப் போராடித்தான் பெற்றான். கப்பல் கம்பெனி விளம்பரம் இதைச் சொல்லாது. நாம் சொல்கிறோம்.