நெல்லிலையின் வாயிலை அடைப்போம்

1963-ஆம் ஆண்டில் பீகாரில் பெருவாரியாகப் பரவிய நோய், நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல். இதனை விளைவிக்கும் சாந்தோமோனாஸ், இலையின் தோலைத் துளைக்கும் ஆற்றலற்றது. இலை விளிம்பின் நீர்த்துளைகள் வழியாகவோ காயங்கள் வழியாகவோ உட்புகுந்து, தன் புரத இழைகளால் பற்றிக்கொண்டு, தான் சுரக்கும் பிசினுக்குள் மறைந்து நீர்க்குழாய்களில் பெருகுகின்றது. அதன்பின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை.

ஆதலின் வாயிலை அடைப்பதே அறிவுடைமை. தண்டுத் துளைப்பானின் முட்டைகளை அகற்றுதற்பொருட்டு நாற்றின் நுனியைக் கிள்ளுவது வழக்கம். ஆயின் இந்நோய் வழக்கமாகக் காணும் வட்டாரங்களில் அது பகைக்குக் கதவு திறப்பதாகும். அங்கு அதனைக் கைவிடல் வேண்டும். தழைச்சத்தை அளவோடு இடுவதும், மூன்று எதிர்ப்பு மரபணுக்களுடன் 2008-இல் வெளியிடப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி போன்ற வகைகளைப் பயிரிடுவதும், நோய் தோன்றியபின் மருந்துக்குச் செலவிடுவதினும் உழவர்க்கு மிக்க பயன் தருவனவாம்.